கருப்பின் மேல் வெள்ளிப் பூச்சு

அந்தத் தெருவில் அவருக்குச் சொந்தப் பெயர் செல்லுபடியாகாமல் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. தபால்காரர்கூட "பல்செட் வீடு எது?" என்றுதான் விசாரித்துக்கொண்டு வருவார். கடைத்தெரு மாடியில் பொய்ப்பல் செய்து தரும் கூடம் ஒன்று இருக்கிறது. பல் மருத்துவர்கள் அனுப்பும் ஈறு அச்சுகளைப் பார்த்து மெழுகில் வடித்து, பல் பதித்து, வேகவைத்து, மெருகேற்றிக் கொடுக்கும் வேலை. மீசை அரும்பிய வயதில் அங்கே சேர்ந்தவர், அந்த மீசை நரைத்து, அதையும் எடுத்துவிட்ட பிறகும் அதே முக்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

பல்லில் வெள்ளை என்று ஒரு நிறம் கிடையாது என்பார் பல்செட்காரர். மஞ்சள் கலந்தது, சாம்பல் கலந்தது, காபி குடித்துக் குடித்துப் பழுத்தது என்று ஆளுக்கு ஒன்று. அதை விளக்கு வெளிச்சத்தில் பார்க்கக் கூடாது, ஜன்னலோரம் வைத்துத்தான் பார்க்க வேண்டும். இப்படி நாள் முழுக்க நிறம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, மறுபடியும் நிறம் பார்க்க உட்காருவார். பின்னறையில் விமான மாதிரிகள் செய்வது அவர் பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்ற சொல்லை மனைவி ஒத்துக்கொள்வதில்லை.

"பொழுது போகாதவங்களுக்குத்தாங்க அது. உங்களுக்குத்தான் பொழுதே கிடையாதே!"

பழைய விமானப்படைக்காரர்களின் சங்கம் ஒன்று அந்த ஊரில் உண்டு. யாரோ ஒருவருக்குச் செய்து கொடுக்கப்போய் வாய்வழியாகப் பரவி, அங்கிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவருக்கும் தான் ஓட்டிய விமானம் வேண்டும். அதில்தான் வம்பே. ஒரே விமானத்தை மூன்று பேர் ஓட்டியிருப்பார்கள்; மூன்று பேரும் மூன்று நிறம் சொல்வார்கள். ஒருவர் பளபளப்பு என்பார், இன்னொருவர் சுண்ணாம்புச் சுவர் மாதிரி மங்கல் என்பார். பச்சையில் கொஞ்சம் நீலம் இருந்ததாக ஒருவர் சத்தியமே செய்தார். எல்லாம் சரியாக வந்தும் "பெட்ரோல் வாசனை இல்லையேப்பா" என்று முகத்தைத் தொங்கப் போட்டவரும் உண்டு. பல்செட்காரர் யாரிடமும் வாதாட மாட்டார். புகைப்படம் கொண்டுவரச் சொல்வார். படத்தில் இருப்பதைத்தான் பூசுவார். நினைவில் இருப்பதைப் பூச அவரிடம் சாயம் கிடையாது.

இத்தனைக்கும் அவருடைய மாமனாரே விமானம் ஓட்டியவர். இரட்டை எஞ்சின் சரக்கு விமானத்தில், சாலை போய்ச் சேராத மலை முகாம்களுக்கு மூட்டை மூட்டையாகச் சாமான் கொண்டுபோய்ப் போட்டவர். மகள் ஒற்றைக்காலில் நின்றதால்தான் பல்செட்காரருக்குப் பெண் கொடுத்தார். "ஊரான் வாய்க்குள்ள கைய விடுற பொழப்பு" என்று கல்யாணத்துக்கு முன்பே சொன்னார். "நான் கைய விடமாட்டேங்க, எனக்கு அச்சுதான் வரும்" என்று மாப்பிள்ளை திருத்தினார். அந்தத் திருத்தத்தை மாமனார் இன்றுவரை ஏற்கவில்லை. மாமியார் போன பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டவர். பின்னறைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. சங்கத்து ஆட்கள் வந்துபோனால், "என்ன, பொம்மைக் கடையில இன்னிக்குக் கூட்டமா?" என்று ஹாலிலிருந்து குரல் மட்டும் வரும். அவர் வாயில் இருப்பதும் மாப்பிள்ளை செய்த பல்தான். அதைப் பற்றிக் குறையும் சொன்னதில்லை, நல்ல வார்த்தையும் சொன்னதில்லை.

மாமனாருக்குக் கண்ணில் அழுத்த நோய். வலது கண் முன்பே இருண்டுவிட்டது. இடது கண்ணில் வெளி ஓரத்தில் ஒரு கீற்று மட்டும் மிச்சம். ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் முகத்தை வலப்பக்கம் திருப்பிக்கொண்டு, கோழி பார்ப்பதுபோல் கடைக்கண்ணால் பார்ப்பார். அந்தக் கீற்றும் சுருங்கிக்கொண்டே வருகிறது, மருந்துக்கு நிற்கவில்லை, இன்னும் ஒரு மாதமோ இரண்டு மாதமோ என்று கண் மருத்துவர் சொல்லிவிட்டார். திரும்பி வந்து வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியதும், மகள் கையைப் பிடிக்க வந்தபோது, அவர் மாப்பிள்ளை பக்கம் கையை நீட்டினார்.

"மாப்பிள்ளை, நீங்க செய்ற பொம்மை இருக்கே. என் வண்டியை ஒண்ணு செஞ்சு கொடுங்க. கண்ணு போறதுக்குள்ள பார்த்துடணும்."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் மாப்பிள்ளையிடம் கேட்ட முதல் காரியம் இது. "படம் இருக்கா மாமா?" என்றார் பல்செட்காரர்.

படம் இருந்தது. கருப்பு வெள்ளைப் படம், ஓரம் அரித்தது. விமானத்தின் முன்னால் நாலைந்து இளைஞர்கள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். சாயம் பூசாத வெறும் தகடு. மாமனார் சொல்லுக்குச் சொல் "கண்ணாடி மாதிரி இருக்கும்" என்றார். அதில் முகம் பார்த்துத் தலை சீவியிருக்கிறாராம். படத்திலோ அது வெயிலிலும் மங்கித்தான் கிடந்தது.

அந்த வாரம் ஃபிட்டர் வந்தார். மாமனாரின் விமானத்துக்கு எஞ்சின் பார்த்தவர். மாதம் ஒருமுறை, பஸ் மாறி, கம்பு ஊன்றிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போவார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"கண்ணாடியா? சார், அது ஈயம் போன பாத்திரம் மாதிரி இருக்கும். துடைக்க ஏது நேரம்? எண்ணெய்க் கறையும் புகைக் கறையும் எறக்கை முழுக்க வழிஞ்சிருக்கும்."

"யோவ், நீ அடியில படுத்துக் கெடந்தவன். அடிவயித்தைப் பார்த்தவனுக்கு முதுகு எப்படித் தெரியும்?"

"மேல ஏறித் தொடைச்சவனும் நான்தானே சார். நீங்க ஏணியில ஏறினா நேரா சீட்டு. எறங்கினா நேரா மெஸ்ஸு."

"தலை சீவியிருக்கேன்யா அதுல!"

"அப்போ முடி இருந்துச்சு, சரி. கண்ணாடி இல்லையே!"

மகள் காபியோடு வந்து நடுவில் நின்றதால் சண்டை ஓய்ந்தது. போகும்போது ஃபிட்டர் வாசலில் பல்செட்காரரின் தோளைத் தொட்டு, "தம்பி, நான் சொன்னதுதான் நிசம். ஆனா அவர் சொன்னபடியே செஞ்சிடுங்க" என்றார். ஏன் என்று கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டது.

பல்செட்காரர் யோசித்தார். படத்தில் இருப்பதுபோல் மங்கலாகப் பூசினால், அந்தக் கீற்றுக் கண்ணுக்கு அது சாம்பல் சுவரில் சாம்பல் கறை, ஒன்றும் தெரியாது. பளபளப்பாகப் பூசினால் ஒளி பட்ட இடமாவது தெரியும். நினைவில் இருப்பதைப் பூச மாட்டேன் என்ற தன் கொள்கையை மடித்து ஓரமாக வைத்தார். அதற்காக அவர் பெரிதாக மனம் வருந்தவுமில்லை. வருந்துவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. அந்த மாதம் கூடத்தில் வேலை கழுத்தை நெரித்தது. கூட வேலை செய்தவர் இடுப்புவலி என்று நின்றுவிட்டதால் இரண்டு பேர் பல்லை ஒருவர் செய்ய வேண்டியிருந்தது. மாலையில் வீட்டுக்கு வந்தால் விரல்கள் மடங்கிய நிலையிலேயே நின்றுவிடும். வெந்நீரில் கொஞ்சநேரம் வைத்து நீட்டிவிட்டுத்தான் சின்ன அரத்தைப் பிடிப்பார்.

"விட்டுடுங்களேன்" என்பாள் மனைவி. அடுத்த மூச்சில், "எப்போ முடியும்?" என்பாள். இரண்டையும் மனதாரத்தான் சொன்னாள்.

விமானத்தின் உடம்பு ஒட்டியாயிற்று. இறக்கை பொருத்தி, இணைப்புகளை இழைத்து, விரல் நகத்தால் தடவினாலும் தட்டாத அளவுக்குக் கொண்டுவந்தார். இனி பூச்சு. வெள்ளியை நேராகப் பூசினால் அது ஈயப் பொடி தூவியதுபோல் இருக்கும். முதலில் கன்னங்கரேலென்று கருப்பு எனாமல் அடிக்க வேண்டும். அது வாரக்கணக்கில் நன்றாக இறுகி, மெருகேறி, கருங்கல் தரைபோல் ஆன பிறகு, அதன்மேல் மூச்சு விடுவதுபோல் மெல்லிசாக வெள்ளியை விட்டால்தான் அசல் தகடாகத் தெரியும். அவர் அப்படித்தான் எப்போதும் செய்வார். கருப்பை அடித்து, காய்வதற்காக ஜன்னலோரம் ஒரு வெள்ளைத் துணியின்மேல் நிறுத்தி வைத்தார். மறுநாள் வேலைக்குப் போகும் அவசரத்தில் பின்னறைக் கதவைச் சாத்த மறந்தார்.

சாயங்காலம் வந்தபோது மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அப்பாவை என்ன பண்ணினீங்க?"

"நானா? நான் இப்பதானே வர்றேன்!"

"பின்னறைக்குப் போனார். அவரா சுவரைப் பிடிச்சுட்டுப் போனார். திரும்பி வந்து படுத்தவர்தான். சாப்பிடலை, பல்லைக்கூடக் கழட்டி வெச்சுட்டார். கேட்டா, உங்களைத்தான் கூப்பிடச் சொல்றார்."

மாமனார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பல் இல்லாத வாய் உள்ளே போய், முகம் வேறொருவர் முகம்போல் இருந்தது.

"யாரு சொன்னா உங்களுக்கு? ஃபிட்டரா?"

"எதை மாமா?"

"எரிஞ்சதை."

பல்செட்காரர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மனைவி கதவுநிலையில் சாய்ந்துகொண்டாள். மாமனார் சுவரிடமே பேசினார். அன்றைக்கு அவருக்குச் சளி பிடித்துக் காது அடைத்திருந்தது. பறக்கக் கூடாது என்று டாக்டர் நிறுத்திவிட்டார். ஒரே அறையில் தங்கியிருந்த கூட்டாளி இவருடைய வண்டியை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வந்து இறங்கும்போது டயர் வெடித்து, ஓடுபாதையை விட்டு இழுத்துக்கொண்டு போய்த் தீப்பிடித்தது. பின்கதவு வழியாக மூன்று பேர் குதித்துவிட்டார்கள். இடது சீட்டில் ஓட்டிக்கொண்டிருந்தவன் வரவில்லை.

"அன்னிக்கு நான் போயிருந்தா டயர் வெடிக்காம இருந்திருக்குமா? அதெல்லாம் ஒண்ணுமில்லை. அதையெல்லாம் யோசிச்சு யோசிச்சு எப்பவோ தீர்த்தாச்சு. ஆனா மறுநாள் காலையில போய்ப் பார்த்தேன், பாருங்க. கருப்பா நின்னுச்சு. வண்டியை நான் கடைசியாப் பார்த்தது அப்படித்தான். அதோட நிக்கக் கூடாதுன்னுதான் உங்ககிட்ட கேட்டேன். பழையபடி ஒருவாட்டி பார்த்துட்டுக் கண்ணு போகட்டும்னு கேட்டேன். நீங்க அதையே செஞ்சு ஜன்னல்ல வெச்சிருக்கீங்க."

மகளுக்கு இதெல்லாம் அன்றுதான் தெரியும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"மாமா, எனக்கு யாரும் சொல்லலை. அது அடிப்பூச்சு. வெள்ளி அடிக்கிறதுக்கு முன்னாடி கருப்பு அடிக்கணும். எல்லாத்துக்குமே அப்படித்தான் அடிப்பேன்."

"எல்லாத்துக்குமா?"

"வெறும் தகடா வரணும்னா எல்லாத்துக்கும்."

"மேல அடிச்சா அது தெரியாதே?" என்றார் மாமனார்.

"துளிகூடத் தெரியாது."

"அப்போ அடிச்சிடுங்க. எனக்கு நேத்திக்கு இருந்தது இன்னிக்கு இல்லை மாப்பிள்ளை. காலையில கையில டம்ளர் இருக்கு, கண்ணுல இல்லை."

பல்செட்காரர் வாழ்நாளில் பூச்சுக்கு அவசரப்பட்டதில்லை. பல் வேகும் நேரத்தில் அரை நிமிடம் குறைத்ததில்லை. கருப்பு இன்னும் இறுகவில்லை என்று அவருக்கு நன்றாகவே தெரியும்; விரலை வைத்தால் ரேகை பதியும். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வெள்ளி லாக்கர் பெயிண்ட்டைக் கரைத்து, ஸ்ப்ரே கன்னில் ஊற்றி அடித்துவிட்டார். முதல் ஐந்து நிமிடம் கண்ணே பட்டுவிடும்போல் இருந்தது. பிறகு, காய்ச்சிய பாலில் ஆடை சுருங்குவதுபோல், இறக்கையின் வேரிலிருந்து சுருங்க ஆரம்பித்தது. அடியில் ஈரமாக இருந்த எனாமலை மேலே விழுந்த லாக்கர் கடித்துவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உடம்பு முழுக்க ஆமைத்தோல்.

வேலைக்குப் புதிதாக வந்தவன்கூடச் செய்யாத தப்பு. அவருக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. ஸ்ப்ரே கன்னைக் கழுவ வேண்டும் என்ற எண்ணம்தான் வந்தது. கழுவிக் காய வைத்துவிட்டு, சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். மனைவி எட்டிப் பார்த்து, விமானத்தையும் பார்த்து, ஒன்றும் கேட்காமல் காபியை வைத்துவிட்டுப் போனாள். வாய்த்துடுக்கு உள்ளவள் பேசாமல் போனதுதான் அவரை எழுப்பியது.

எல்லாவற்றையும் உரித்து முதலிலிருந்து ஆரம்பிக்க மாதம் ஒன்று வேண்டும். அந்தக் கண்ணுக்கு அவ்வளவு தவணை இல்லை. மாமனாருக்குத் தெரிவது இடது கடைக்கண் கீற்று. ஒரு சமயத்தில் ஒரு பக்கம்தான் பார்க்கப்போகிறார். இடது சீட்டில் உட்கார்ந்து ஓட்டியவருக்கு எந்தப் பக்கம் காட்ட வேண்டும் என்பதில் யோசனைக்கே இடமில்லை.

அடுத்து வந்த மாலைகளில் இடப்பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். சுருக்கம் ஓரளவு இறுகட்டும் என்று ஹீட்டர் பக்கத்தில் வைத்து எடுத்து, தண்ணீர் தொட்ட மெல்லிய உப்புத்தாளால் வட்டம் போடாமல் ஒரே திசையில் தேய்த்தார். வெள்ளி போய்க் கருப்பு வந்தது. கருப்பும் மட்டமாக வந்த பிறகு, பொய்ப்பல்லுக்கு மெருகு போடும் வெள்ளைப் பசையைக் கூடத்திலிருந்து ஒரு சிட்டிகை கொண்டுவந்து பஞ்சில் தொட்டு உரசினார். பாதி முடிந்த பல்செட்டை வைத்துக்கொண்டு, அதே பஞ்சால் அதே வேலையைப் பகலிலும் செய்துவிட்டு வந்த கை அது. ஒரு நாள் உரசிக்கொண்டே தூங்கிவிட்டார். மனைவி வந்து விமானத்தை விரல்களிலிருந்து பிரித்து எடுத்து, அவரையும் எழுப்பினாள்.

"கருப்பு மறுபடியும் அப்பா கண்ணுல படப்போவுது."

"கதவைச் சாத்திட்டேன்."

"நான் பூட்டியே போட்டுட்டேன். சாவி என் இடுப்புல இருக்கு."

இந்தத் தடவை வெள்ளியை நாலைந்து தவணையாக, பட்டும் படாமலும் விட்டார். சுருங்கவில்லை. வலப்பக்கம் ஆமைத்தோலாகவே இருந்தது. அதைத் தொட அவருக்குத் தெம்பும் இல்லை, நாளும் இல்லை.

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை. தற்செயலாக ஃபிட்டரும் வந்திருந்தார். ஹால் ஜன்னலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, அதன்மேல் விமானத்தை இடப்பக்கம் மாமனாரைப் பார்க்கும்படி வைத்தார் பல்செட்காரர். மாமனார் முகம் கழுவி, பல் மாட்டி, சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஃபிட்டர் எதிர்ப்பக்கத்து நாற்காலியில். அவருக்கு வலப்பக்கம்தான் தெரிந்தது. குனிந்து பார்த்துவிட்டு, "என் பக்கம் கரெக்டா இருக்கு தம்பி. ஈயம் போன பாத்திரமேதான்" என்று கண்ணைச் சிமிட்டினார்.

மாமனார் முகத்தை வலப்பக்கம் திருப்பினார். காத்திருந்தார். "எங்க?" என்றார்.

பல்செட்காரர் முக்காலியை நகர்த்தினார்.

"எங்க மாப்பிள்ளை?"

மகள் கையைப் பிசைந்துகொண்டு அடுக்களை வாசலில் நின்றாள். பல்செட்காரர் தரையில் மண்டியிட்டு, முக்காலியை ஒரு கை அளவு ஜன்னல் பக்கம் தள்ளி, மூக்கைக் கொஞ்சம் திருப்பினார். வெயில் வந்து விமானத்தின் முதுகில் விழுந்து, மூக்கிலிருந்து வால்வரை கோடாக ஓடியது.

"நில்லுங்க. அப்படியே. அப்படியே விடுங்க."

மாமனாரின் தாடை பல்லோடு மெல்ல அசைந்தது.

"என் ஜன்னல் மூடியிருக்கு" என்றார்.

"திறக்கணுமா மாமா?"

"தரையில ஓட்டிட்டு வரும்போது திறந்து வெச்சு முழங்கைய வெளிய வெச்சுக்குவேன். அவனும் அப்படித்தான். வேண்டாம், வேண்டாம். கைய வெச்சுக் கெடுத்துடாதீங்க. இப்படியே இருக்கட்டும்."

"சார், தலை சீவிக்கிறீங்களா?" என்றார் ஃபிட்டர்.

"போய்யா" என்றார் மாமனார், அந்தப் பக்கம் திரும்பாமலே.

வெயில் நகர்ந்தது. கோடு மெலிந்து வாலுக்குப் போய் அணையப் பார்த்தபோது அவர் கை தானாக உயர்ந்தது. பல்செட்காரர் முக்காலியை வெயிலுக்குள் தள்ளினார். கோடு திரும்ப வந்தது. கொஞ்சநேரம் கழித்து மறுபடியும் கை, மறுபடியும் தள்ளினார். முழங்கால் வலித்ததால் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டார். ஃபிட்டர் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்லிக்கொண்டு போனார்.

"அப்பா, போதுமேப்பா. அவரும் ஒரு வாரமா சரியாத் தூங்கலை" என்றாள் மகள்.

"இன்னும் கொஞ்சம்மா."

பல்செட்காரர் கண்ணை மூடிக்கொண்டே முக்காலியின் காலில் கையை வைத்திருந்தார். மாமனாரின் வீட்டுச் செருப்பு தரையில் அசையும் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு விரல்கடை நகர்த்தினார். ஜன்னலை விட்டு வெயில் இறங்க இன்னும் கொஞ்சம் இருந்தது.